உறுப்பின் விலையும் வாழ்வின் உரிமையும்

ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தின் கென்ற் பகுதியை ஆண்ட எதெல்பேர்ட் என்னும் மன்னன் ஒரு சட்டத் தொகுப்பை எழுதுவித்தான். ஒருவனது கண்ணைப் போக்கியவன் 50 ஷில்லிங்கு கொடுத்தல் வேண்டும். பாதத்தை வெட்டியவனுக்கும் அதே தொகை. பெருவிரலுக்கு 20 ஷில்லிங்கு. இவ்வாறு மனித உடலின் பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் அத்தொகுப்பிலே விலை குறிக்கப்பட்டிருந்தது.

1923ஆம் ஆண்டிலே பிரித்தானிய இந்தியாவில் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் அட்டவணையும் இத்தகையதொரு பட்டியலே. வலக்கை முழங்கையிலோ அதற்கு மேலோ துண்டிக்கப்பட்டால் உழைக்கும் ஆற்றலில் நூற்றுக்கு 70 இழப்பு, இடக்கையாயின் 60. முழங்காலுக்குக் கீழே கால் போனால் 50. ஒரு கண் போனால் 30. பெருவிரல் போனால் 25. சுட்டுவிரல் போனால் 10.

இரண்டு பட்டியல்களுக்கும் இடையே பதின்மூன்று நூற்றாண்டுகள் கழிந்துள்ளன. அரசுகள் மாறின, உற்பத்தி முறை மாறியது, நிலப்பிரபுவின் இடத்தை ஆலை முதலாளி பிடித்துக்கொண்டான். ஆயினும் உறுப்பை இழந்தவன் முன்னே சட்டம் நீட்டியது விலைப்பட்டியலே எனின், இடைப்பட்ட காலத்தில் எதுவுமே மாறவில்லையா என்ற வினா எழுவது இயல்பு. மாறியது என்பதே வரலாறு தரும் விடை. ஆனால் அம்மாற்றம் ஆள்வோரின் இரக்கத்தினால் விளைந்ததன்று. உறுப்புக்கு விலை கேட்கும் நிலையிலிருந்து, உறுப்பை இழந்த பின்னரும் மனிதனாக வாழ்வதற்கான உரிமையைக் கேட்கும் நிலைக்கு உழைக்கும் மக்கள் படிப்படியாக நகர்ந்தமையின் விளைவே அது. அந்த நகர்வு இன்னும் முற்றுப்பெறவில்லை.

இவ்வரலாற்றை நோக்குமுன் ஓர் உண்மையை நாம் மனங்கொள்ளல் வேண்டும். காலை இழந்த ஒருவனுக்கு ஆறியது புண் மட்டுமே எனின், அவனுடைய துன்பம் அப்பொழுதுதான் தொடங்குகின்றது. எஞ்சிய அடிப்பகுதி முதற்சில மாதங்களில் வீக்கம் வற்றிச் சுருங்கும். அதனால் முதலிற் பொருத்திய செயற்கைக் காலின் குழி தளர்ந்துபோகும். மீண்டும் அளவெடுத்துச் செய்தல் வேண்டும். நடக்கப் பயிலுதல் வேண்டும். பழைய தொழிலைச் செய்ய முடியாதாயின் புதிய தொழிலொன்றைக் கற்றல் வேண்டும். செயற்கைக் கால் சில ஆண்டுகளிலே தேய்ந்துவிடும். வளரும் குழந்தைக்கோ அடிக்கடி மாற்றவேண்டி வரும். இவை யாவற்றுக்கும் பணம் வேண்டும். பணத்தினும் மேலாகக் காலம் வேண்டும். அக்காலம் முழுவதும் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். புனர்வாழ்வு என்பது மருத்துவமனையின் கதவோடு முடிந்துவிடும் காரியமன்று. எனவே அதற்குத் துணைநிற்கும் சட்டக் கோரிக்கையும் ஒருநாட் பேரத்தோடு முடிந்துவிடலாகாது.

கைத்தொழிற் புரட்சி இங்கிலாந்தில் உச்சநிலையை அடைந்துகொண்டிருந்த காலத்தில், இயந்திரத்திற் சிக்கிக் கையிழந்த தொழிலாளிக்கு மூன்று வழிகளே இருந்தன: உறவினரை அண்டியிருத்தல், பிச்சையெடுத்தல், 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் திறந்துவைத்த அநாதை விடுதிக்குள் நுழைதல். நீதிமன்றம் நான்காவது வழியாக இருந்திருக்கலாம். அவ்வழி அடைக்கப்பட்ட ஆண்டு 1837.

அவ்வாண்டில் இங்கிலாந்தின் நீதிமன்றம் ஒன்று பிரீஸ்ற்லி எதிர் பௌலர் என்ற வழக்கிலே தீர்ப்பளித்தது. இறைச்சி வியாபாரி ஒருவனின் வண்டியில் அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றப்பட்டிருந்தது. வண்டி நொறுங்கி வேலையாளின் தொடை முறிந்தது. ஜூரிமார் 100 பவுண் கொடுக்கும்படி கூறினர். ஏபிங்கர் பிரபு அதனைத் தள்ளினார். இக்கோரிக்கையை ஏற்றால், பணிப்பெண் ஈரமான படுக்கையில் வேலையாளைப் படுக்கவைத்தமைக்குக்கூட எசமான் பொறுப்பாவானே என்பது அவரது கவலை. முறிந்த தொடையைப் பார்க்கிலும் எசமானின் எதிர்காலச் செலவே நீதியின் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றிற்று.

அதே ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே நிக்கலஸ் பார்வெல் என்ற புகையிரத இயந்திர ஓட்டுனரின் வலக்கை சக்கரத்தின் கீழ் நசுங்கியது. தண்டவாளத்தின் திருப்பியைச் சரியாக அமைக்காது விட்டவர் அதே கம்பனியின் இன்னொரு தொழிலாளி. பார்வெல் பொஸ்ரன்–வூஸ்ரர் புகையிரதக் கம்பனிமீது வழக்குத் தொடுத்தார். 1842இல் தலைமை நீதியரசர் லெமுவெல் ஷோ வழங்கிய தீர்ப்பு உலகெங்கும் எடுத்தாளப்பட்டது. பார்வெலின் நாட்கூலி 2 டொலர். முன்னர் அவர் இயந்திரத் திருத்துனராகப் பெற்ற கூலியிலும் அது கூடியது. ஆபத்தின் விலை அக்கூலியிலேயே அடங்கியுள்ளது. ஆபத்தை அறிந்தே அவர் வேலையை ஏற்றார். உடன் வேலை செய்பவனின் தவறுக்கு எசமான் பொறுப்பல்லன். இதுவே தீர்ப்பின் சாரம்.

இத்தர்க்கத்தின் வர்க்கத் தன்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை. புகையிரதத்திற் சென்ற பிரயாணி ஒருவன் அதே விபத்திற் கையிழந்திருப்பானாயின் கம்பனி அவனுக்குப் பொறுப்புச் சொல்லியிருக்கும். இயந்திரத்தை ஓட்டியவனுக்குப் பொறுப்பில்லை. சட்டம் தொழிலாளியைச் சுதந்திரமான ஒப்பந்தகாரன் என்று மதித்தது. மறுநாட் பசிக்கு அஞ்சி வேலைக்குச் செல்பவனுக்கு ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் பேசும் சுதந்திரம் எங்கேயுள்ளது என்று அது கேட்கவில்லை. உடன் தொழிலாளியின் தவறு, ஆபத்தை அறிந்து ஏற்றமை, தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு ஆகிய மூன்று தடைகளும் முதலாளியின் வாயிலிலே மூன்று காவலாளிகளாக நின்றன. அறுபது ஆண்டுகள் வரை அவற்றைத் தாண்டி உள்ளே சென்ற ஊனமுற்றோர் மிகச் சிலரே.

விபத்து நேருமுன் தடுக்கும் சட்டங்களும் இக்காலத்தில் எழுந்தன. 1844ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான இயந்திரங்களுக்கு வேலியிடும்படி விதித்தது. தரையிலிருந்து ஏழு அடிக்கு மேற் சுழலும் தண்டுகளுக்கும் வேலி வேண்டுமென்று பரிசோதகர்கள் 1854இல் வற்புறுத்தத் தொடங்கியதும் ஆலை முதலாளிகள் கொதித்தெழுந்தனர். 1855இல் அவர்கள் தேசிய அளவிற் சங்கமொன்றை அமைத்து, வழக்குகளை எதிர்க்கப் பணம் திரட்டினர். சார்ள்ஸ் டிக்கன்ஸ் தாம் நடத்திய வாரப் பத்திரிகையில் அச்சங்கத்தைத் தொழிலாளரை நசுக்குவதற்கான சங்கம் என்னும் பொருள்பட எள்ளினார். அதே பத்திரிகையில் ஹென்றி மோர்லி ஆலை விபத்துகளின் கோரத்தை எழுதினார். முதலாளிகளின் பக்கம் நின்று வாதாட ஹரியெற் மார்ட்டினோ போன்ற மதிப்புமிக்க எழுத்தாளரும் முன்வந்தனர் என்பது எழுத்துத் துறையிலுள்ளோர் மறக்கலாகாத செய்தி. 1856இல் வந்த திருத்தம் வேலியிடும் கடமையைச் சுருக்கியது. கையிழப்பதற்கு விலையில்லாத நாட்டிலே வேலியிடுவதே வீண் செலவாகத் தோன்றும். இழப்பீட்டுக் கோரிக்கையும் விபத்துத் தடுப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1880இல் பிரித்தானியப் பாராளுமன்றம் முதலாளிகள் பொறுப்புச் சட்டத்தை இயற்றி, மேற்பார்வையாளரின் தவறு முதலிய சிலவற்றுக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், அச்சட்டத்தின் பயனைத் தொழிலாளி ஒப்பந்தத்தின் மூலம் விட்டுக்கொடுக்கலாம் என்று நீதிமன்றம் தீர்த்தது. எஞ்சியது என்னவென்றால், வேலை வேண்டுமாயின் உரிமையைக் கைவிடு என்பதே.

இவ்வேளையில் ஜேர்மனியில் வேறொரு பாதை திறக்கப்பட்டது. 1878இல் சமவுடைமைவாதிகளுக்கு எதிரான அடக்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே பிஸ்மார்க், 1883இல் நோய்க் காப்புறுதியையும் 1884இல் விபத்துக் காப்புறுதியையும் சட்டமாக்கினார். ஒரு கையிற் சாட்டையும் மறு கையில் ரொட்டியும் ஏந்திய இத்தந்திரத்தின் நோக்கம் தொழிலாளரை இயக்கத்திலிருந்து பிரித்தெடுப்பதே. நோக்கம் எதுவாயினும், இயக்கத்தின் பலமே அச்சலுகையைப் பறித்தெடுத்தது.

1884ஆம் ஆண்டுச் சட்டத்தின் சிறப்பு அதன் அமைப்பிலே தங்கியிருந்தது. யார் தவறு செய்தார் என்ற கேள்வியே அகற்றப்பட்டது. ஒவ்வொரு துறையின் முதலாளிகளும் கட்டாயமாகச் சங்கங்களிற் சேர்க்கப்பட்டு, அச்சங்கங்களே முழுச் செலவையும் ஏற்றன. முதற் பதின்மூன்று வாரங்களை நோய்க் காப்புறுதி நிதி கவனித்தது. அதன்பின் மருத்துவச் செலவும் ஓய்வூதியமும் விபத்துக் காப்புறுதியின் பொறுப்பாயின. முற்றாக உழைக்க இயலாதவனுக்குக் கூலியின் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது.

இவ்வமைப்பு எதிர்பாராத ஒரு விளைவை உண்டாக்கியது. ஆயுள் முழுவதும் ஓய்வூதியம் கொடுக்கவேண்டிய சங்கத்திற்குத் தொழிலாளி நன்றாகக் குணமடைவதில் அக்கறை பிறந்தது. நன்றாகக் குணமடைந்தவனுக்குக் கொடுக்கவேண்டியது குறைவு. 1890இல் போஹும் நகரில், சுரங்கத் தொழிலாளருக்காக, விபத்துக் காயங்களையே சிறப்பாகக் கவனிக்கும் மருத்துவமனை நிறுவப்பட்டது. உலகில் அத்தகையவற்றுள் முதலாவதாக அது கொள்ளப்படுகின்றது. ஓய்வூதியத்துக்கு முன் புனர்வாழ்வு என்ற ஜேர்மானியக் கோட்பாடு இவ்வாறு கணக்கேட்டிலிருந்தே முளைத்தது. செலவை நீண்ட காலத்துக்குச் சுமப்பவன் எவனோ அவனே குணப்படுத்துதலில் முதலிடுவான். ஒருமுறை பணம் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்பவனுக்கு அந்த அக்கறை ஏற்படக் காரணமில்லை. இவ்வரலாற்றிலிருந்து பெறவேண்டிய முதன்மையான பாடம் இதுவே எனலாம்.

இங்கே எதிர்த்தரப்பின் வாதமொன்றையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். நட்டஈடு கிடைக்கும் என்ற எண்ணமே நோயாளியைக் குணமடையவிடாது தடுக்கின்றது என்று மருத்துவர் சிலர் அக்காலந்தொட்டே கூறிவந்தனர். 1889இல் ஹேர்மன் ஒப்பன்ஹைம் என்ற நரம்பியல் மருத்துவர், விபத்தின் அதிர்ச்சியால் விளையும் நரம்புத் தளர்ச்சியைத் தனி நோயாக விளக்கியபோது, அது ஓய்வூதியத்தின்மீது கொண்ட ஆசையால் வரும் நோய் என்று மற்றவர் ஏளனஞ் செய்தனர். 1926இல் ஜேர்மனியின் உயர் காப்புறுதி மன்றமும் அவ்வேளனத்தின் பக்கமே சாய்ந்தது.

இவ்வாதத்தில் ஒரு துளி உண்மை உண்டு. ஆனால் அது தொழிலாளியின் மனத்தில் இல்லை, சட்டத்தின் அமைப்பில் இருந்தது. பிரித்தானியாவில் 1897ஆம் ஆண்டு சேம்பர்லேன் முயற்சியால் நிறைவேறிய வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். யாருடைய தவறும் இல்லாவிடினும் நட்டஈடு உண்டு என்று ஏற்றவகையில் அது பெரும் முன்னேற்றமே. புகையிரதம், தொழிற்சாலை, சுரங்கம், கல்லுடைக்குமிடம் முதலியவற்றில் உழைத்தோர்க்கு அது உரியதாயிற்று. 1906இல் ஏறக்குறைய எல்லாத் தொழில்களுக்கும் விரிந்தது. ஆயினும் காயமுற்றவனுக்குக் கிடைத்தது கூலியில் அரைவாசிக்கு மேற்படாத வாரக்கொடுப்பனவு. அதுவும் ஒரு பவுணுக்கு மேற்படலாகாது. அக்கொடுப்பனவு இழந்த கூலியைக் கொண்டு அளக்கப்பட்டது. ஒற்றைக் காலோடு ஒருவன் துணிந்து காவல் வேலைக்குச் சென்று சில ஷில்லிங்குகள் உழைப்பானாயின், அவ்வளவுக்கு வாரப்பணம் குறைந்துவிடும். பின்னர் அவ்வேலை போய்விட்டால், வேலை செய்யக்கூடியவன்தானே என்று காப்புறுதிக் கம்பனியின் சட்டத்தரணி வாதிடுவார். எழுந்து நடக்க முயல்பவனைத் தண்டிக்கும் சட்டத்தின் கீழ் மனிதர் படுத்திருக்க விரும்பினால், அதற்கு அவர்களுடைய சோம்பலையா குறைகூறுவது?

அதனோடு இன்னொரு பொறியும் இருந்தது. ஆறு மாதங்களுக்குப் பின் வாரக்கொடுப்பனவை ஒரே மொத்தத் தொகையாகக் கொடுத்து முடித்துவிட முதலாளிக்கு வழியிருந்தது. கடன்காரன் வாயிலில் நிற்கும் வேளையில் மேசைமீது வைக்கப்படும் நாணயக் குவியலை வேண்டாமென்று சொல்ல எத்தனை பேரால் இயலும்? அப்பணம் கடனுக்கும் வாடகைக்கும் கரைந்த பின்னர், காலுக்குப் பதிலாகக் கட்டையும் கோலுமே எஞ்சின. சட்டத்தின் எப்பிரிவிலும் செயற்கைக் காலைப் பற்றிய பேச்சே இல்லை. மருத்துவச் செலவும் முதலாளியின் கடமையாக்கப்படவில்லை.

1914இல் வெடித்த ஏகாதிபத்தியப் போர் இந்நிலையின் முரண்பாட்டை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. பிரித்தானியப் படையினருள் மட்டும் 41,000க்கு மேற்பட்டோர் கையையோ காலையோ இழந்தனர். 1915இல் இலண்டனை அடுத்த ரோஹம்ரனில் அவர்களுக்கெனத் தனி மருத்துவமனை திறக்கப்பட்டது. செயற்கை உறுப்பு செய்வோர் அங்கேயே பட்டறைகள் அமைத்தனர், தொழிற்பயிற்சியும் அளிக்கப்பட்டது. செயற்கை உறுப்பை வழங்குவதும் பழுதுபார்ப்பதும் அரசின் கடனாயின. போர்க்களத்திலே காலிழந்தவனுக்கு அரசு கடன்பட்டது. அப்போர்க்கப்பலை ஓட்டுவதற்கு நிலக்கரி வெட்டிச் சுரங்கத்திலே காலிழந்தவனுக்கு எவரும் கடன்படவில்லை. காயம் ஒன்றே, கோரிக்கையின் வலுவே வேறு. செயற்கை உறுப்புக் கலை இல்லாமையால் தொழிலாளி நொண்டவில்லை, உரிமை இல்லாமையாலேயே நொண்டினான் என்பது அனைவரும் காணத்தக்கதாயிற்று.

போரின் பின் ஐரோப்பாவெங்கும் எழுந்த தொழிலாளர் எழுச்சியின் நிழலில், 1919இல் சர்வதேசத் தொழில் தாபனம் தோன்றியது. அது 1925இல் நிறைவேற்றிய 17ஆம் இலக்கச் சமவாயம் நமது பொருளுக்கு மிக முக்கியமானது. நிரந்தர ஊனத்துக்குரிய நட்டஈடு காலந்தோறும் வழங்கும் கொடுப்பனவாக இருத்தல் வேண்டும் என்றும், நன்முறையிற் பயன்படுத்தப்படும் என்று உரிய அதிகாரி திருப்தியுற்றாலன்றி மொத்தத் தொகையாகக் கொடுக்கலாகாது என்றும் அது கூறியது. மருத்துவ உதவியை உரிமையாக்கியது. அதற்கும் மேலாக, தேவையான செயற்கை உறுப்புகளை வழங்குவதும், வழமையான முறையிற் புதுப்பித்துக் கொடுப்பதும் முதலாளியின் அல்லது காப்புறுதியாளரின் கடமை என்றது. ‘புதுப்பித்தல்’ என்ற அச்சிறு சொல்லிலே எதெல்பேர்ட் மன்னனின் விலைப்பட்டியலைத் தாண்டிய ஒரு புதிய சிந்தனை அடங்கியுள்ளது. விலை ஒருமுறை கொடுக்கப்படுவது. தேவை ஆயுள்வரை நீள்வது. ஜேர்மனியும் அதே 1925இல் தன் சட்டத்தைத் திருத்தி, தொழிற் புனர்வாழ்வைக் காப்புறுதியின் கடமையாக்கியது. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் உட்படுத்தியது.

பிரித்தானியாவில் அடுத்த பெரும் மாற்றத்துக்கான வழியைச் சுரங்கத் தொழிலாளர் காட்டினர். நிலக்கரியின்மீது விதித்த வரியிலிருந்து திரட்டிய நலநிதியைக் கொண்டு, 1939இல் மான்ஸ்பீல்ட் நகரருகே சுரங்கத் தொழிலாளருக்கான புனர்வாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை பழைய நட்டஈட்டு முறையைக் கடுமையாகக் கண்டித்தது: அது வழக்குகளை வளர்த்தது, வலியோனும் எளியோனும் பேரம்பேசும் சந்தையைத் திறந்தது, புனர்வாழ்வுக்கு எதுவுஞ் செய்யவில்லை. 1944ஆம் ஆண்டுச் சட்டம் ஊனமுற்றோர்க்குத் தொழிற்பயிற்சிக்கு வழிசெய்ததோடு, இருபது பேரோ அதற்கு மேலோ வேலைகொள்வோர் ஊனமுற்றோர்க்கென நூற்றுக்கு 3 இடம் ஒதுக்க வேண்டுமென்றது. அவ்வொதுக்கீடு கண்டிப்பாக நிறைவேற்றப்படாமலே இருந்து, 1995ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நீக்கப்பட்டது என்பதையும் கூறுதல் வேண்டும்.

1946இல் நிறைவேறிய கைத்தொழிற் காயங்கள் சட்டம் 1948 ஜூலை 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முன்னர் கூறிய பொறியை அது நேரடியாகத் தகர்த்தது. நட்டஈடு இழந்த கூலியைக் கொண்டு அளக்கப்படாமல், இழந்த உடலாற்றலைக் கொண்டு அளக்கப்பட்டது. காலிழந்தவன் பயிற்சிபெற்று வேலைக்குத் திரும்பினாலும் அவனது ஊனக் கொடுப்பனவு நின்றுவிடாது. எழுந்து நடப்பவனைச் சட்டம் இனித் தண்டிக்கவில்லை. அதே நாளிலே தேசிய சுகாதார சேவையும் தொடங்கியது. படையினருக்கு மட்டும் உரியதாயிருந்த செயற்கை உறுப்புச் சேவை எல்லாக் குடிமக்களுக்கும் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே உடன் தொழிலாளி என்ற பழைய தடையும் சட்டநூலிலிருந்து அகற்றப்பட்டது. பிரீஸ்ற்லியின் தொடை முறிந்த வழக்கிலே பிறந்த கோட்பாட்டைப் புதைக்க 111 ஆண்டுகள் சென்றன.

இனி, இச்சட்டம் பிரித்தானியப் பேரரசின் கப்பலேறி நமது பகுதிக்கு வந்த கதையை நோக்குவோம். இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் சட்டமும், அதனை ஒட்டி இலங்கையில் எழுந்த 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் இதன் வழிவந்தவை. இலங்கையிலே சர்வசன வாக்குரிமை கிடைத்தது 1931இல். அவ்வாக்குரிமையால் அமைந்த அரசாங்க சபையின் காலத்திலேயே, மூன்றாண்டுகளுள் இக்கட்டளைச் சட்டம் பிறந்தது என்பது தற்செயலன்று. கொழும்பிலே 1920களிற் கிளர்ந்தெழுந்த தொழிற்சங்க இயக்கத்தையும் இதனோடு சேர்த்தே நோக்கல் வேண்டும். சாதாரண நீதிமன்றங்களின் செலவிலும் தாமதத்திலுமிருந்து ஏழைத் தொழிலாளியை விடுவித்து, நட்டஈட்டு ஆணையாளர் முன் செல்ல வகைசெய்தமை இதன் பெரும் நன்மை.

ஆயினும் நமக்கு வந்துசேர்ந்த மாதிரி எது என்று கேட்டல் வேண்டும். 1884இன் ஜேர்மானிய மாதிரியோ, 1925இன் சர்வதேசச் சமவாயமோ அன்று. 1897இன் ஆங்கில மாதிரியே வந்தது. தொழிலின் நிமித்தமாகவும் தொழிலின் போதும் நேர்ந்த விபத்து என்ற அதே சொற்றொடர். முதலாளி ஒவ்வொருவரும் தனித்தனியே பொறுப்பேற்கும் அதே முறை. நிரந்தர ஊனத்துக்கோ வாரக்கொடுப்பனவுகூட இல்லை. அட்டவணைப்படி கணக்கிட்ட மொத்தத் தொகையே உண்டு. இந்திய அட்டவணையில் சுட்டுவிரல் அச்சுக்கோப்பவனுக்கும் மூட்டை சுமப்பவனுக்கும் நூற்றுக்கு 10 மட்டுமே. இடக்கைப் பழக்கமுள்ளவன் இடக்கையை இழந்தாலும் அது விலை குறைந்த கையே. 1923இன் சட்டப்படி முழு ஊனத்துக்கு 42 மாதக் கூலி. அதுவும் 3,500 ரூபாவுக்கு மேற்படாது. ஆயுள்வரை கோலூன்றி நடக்கவேண்டிய ஒருவனுக்குச் சட்டம் நாற்பத்திரண்டு மாதங்களை மட்டுமே எண்ணிக் கொடுத்தது.

பின்னர் வந்த திருத்தங்கள் உச்சத் தொகையை உயர்த்தின. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதனை 5,50,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமாக்கியது. வேலைக்குச் சென்றுவரும் வழியில் நேரும் விபத்துகளையும் சேர்த்துக்கொண்டது. ஜேர்மனிய தொழிலாளி 1925இற் பெற்ற உரிமையை நமது தொழிலாளி பெற 97 ஆண்டுகள் சென்றன. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் ஊழியர் அரசாங்கக் காப்புறுதிச் சட்டம் அதன்கீழ் வருவோர்க்கு மருத்துவ உதவியை உரிமையாக்கியது. அதற்கு வெளியே நின்றோர்க்கு மருத்துவச் செலவை மீளப்பெறும் உரிமை 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் வந்தது. தொகை உயர்வது நன்றே. ஆனால் தொகை எவ்வளவு உயரினும், கணக்கு ஒரே நாளில் முடிந்துவிடும் தன்மை மாறவில்லையாயின், 1897இன் பொறியும் மாறவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

சட்டம் விட்ட இடைவெளியை நமது பகுதியில் நிரப்பியவை பெரும்பாலும் கொடையும் கைவினையுமே. 1960களின் இறுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரிலே ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற மருத்துவரும் இணைந்து, ரப்பரைக் கொண்டு ஒரு செயற்கைப் பாதத்தை உருவாக்கினர். மேனாட்டுக் கால் சப்பாத்துக்காகவும் நாற்காலிக்காகவும் செய்யப்பட்டது. இதுவோ வெறுங்காலோடு வயலில் இறங்குபவனுக்கும் தரையிற் சம்மணமிட்டு அமர்பவனுக்கும் ஏற்றது. முறைசாராக் கல்வியுடைய ஒரு கைவினைஞனின் அறிவு மருத்துவ விஞ்ஞானத்தோடு தோள்சேர்ந்தமைக்கு அது சிறந்த எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணத்தில் 1987இல் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கப்பட்டது. போரும் கண்ணிவெடியும் பறித்த கால்களுக்குப் பதிலாக அது பொருத்திய கால்களில் நடந்தோர் பலர். அப்பணியைப் போற்றாதார் இலர்.

ஆனால் போற்றுவதோடு நில்லாமல் சிந்தித்தலும் வேண்டும். கொடையாளரின் நிதி வற்றும் ஆண்டிலும் செயற்கைக் கால் தேயவே செய்யும். கொடையைப் பெறுபவன் நன்றி கூறலாம், குறை கூறலாகாது. உரிமையைப் பெறுபவனோ தேய்ந்த காலைக் காட்டி, மாற்றிக்கொடு என்று தலைநிமிர்ந்து கேட்கலாம். இலங்கை 1996இல் ஊனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தை இயற்றியது. புனர்வாழ்வைப் பற்றித் தனியே கூறும் ஐக்கிய நாடுகளின் உரிமைச் சமவாயத்தை 2016இல் உறுதிப்படுத்தியது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் இணைந்தது. ஏட்டில் எழுதப்பட்ட இவ்வுரிமைகள், காலிழந்த ஒரு தனிமனிதர் உரிய இடத்திற்குச் சென்று கேட்டுப் பெறக்கூடிய கோரிக்கையாக மாறும்போதே உயிர்பெறும். 1844இன் வேலிச் சட்டத்துக்கு நேர்ந்த கதியை நாம் கண்டோம்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. தவறு யாருடையது என்ற விசாரணையிலிருந்து இழப்பீட்டை விடுவித்த போதே காயமுற்றோர் பிச்சையிலிருந்து விடுபட்டனர். செலவைச் சமூகம் முழுவதும் நீண்ட காலத்துக்கு ஏற்ற போதே குணப்படுத்துவதிலும் பயிற்றுவதிலும் அக்கறை பிறந்தது. எழுந்து நடப்பவனைத் தண்டிக்காத வகையிற் கொடுப்பனவை அமைத்த போதே சட்டக் கோரிக்கையும் புனர்வாழ்வும் ஒன்றுக்கொன்று பகையாதல் ஒழிந்தது. இம்மூன்றில் முதலாவதை நாம் 1934இற் பெற்றோம். மற்றைய இரண்டும் நமது தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை. கூலி உயர்வுக்காகக் கூடும் கூட்டங்களில், இயந்திரத்திடம் விரல்களை விட்டுவந்தவனின் நாளை என்ன என்ற கேள்வி அரிதாகவே எழுகின்றது. அவன் கூட்டத்திற்கு வருவதில்லை என்பதும் அதற்கொரு காரணமாகலாம்.

நீதியரசர் ஷோ, ஆபத்தின் விலை கூலியில் அடங்கியுள்ளது என்றார். அவ்விலையை அவர் எவ்வாறு கணக்கிட்டார் என்று பார்வெல் கேட்டிருந்தால் விடை கிடைத்திராது. அந்தக் கை எவ்வளவு பெறும் என்று கேட்பதை நிறுத்தி, அந்த மனிதர் மீண்டும் உழைக்கவும் நடக்கவும் வாழவும் என்னென்ன வேண்டும், அவற்றை இறுதிவரை யார் கொடுத்தல் வேண்டும் என்று கேட்கப் பழகுதல் வேண்டும். வகுப்பறையிலே கைத்தொழிற் புரட்சியைக் கற்பிக்கும் ஆசிரியர், நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவரின் பெயரோடு அவ்வியந்திரத்திற்குக் கைகொடுத்தவர்களின் வழக்குகளையும் மாணவர்க்குச் சொல்வாராயின், அக்கேள்வியைக் கேட்கும் தலைமுறையொன்று உருவாகும்.